பேய், போலீஸ், மாமியார்: ஒரே சீரியலில் கலக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீரியல் கதை டிஸ்கஷனுக்கு வரும் புதிய எழுத்தாளர்கள் எல்லாரும் கலவையோடுதான் வருகிறார்கள். "மாமியார் மருமகள் கதைதான் சார், ஆனா உள்ளே ஒரு கொலை இருக்கு, கொஞ்சம் அமானுஷ்யம்." சரி, தாராளமாகக் கலக்கலாம். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே இடங்களில்தான் இவர்களும் போய் விழுகிறார்கள். நீள வசனம், லாஜிக் ஓட்டையையெல்லாம் எடிட்டரே சொல்லிவிடுவார், விட்டுவிடுகிறேன்.

கேள்வி போலீஸ் கதையில், பதில் பேய்க் கதையில்

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பல வாரம் கைரேகை, செல்போன் டவர், சந்தேகப்படும்படி ஒரு சித்தப்பா என்று ஓட்டி, பார்ப்பவரும் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்த பிறகு, கொன்றது ஆவி என்று முடிப்பது. ஒரு தொடரில் டிஆர்பி சரிந்ததும் நடுவில் ஆவியை இறக்கச் சொன்னார்கள். பூட்டிய அறைக்குள் கொலைகாரன் எப்படிப் போனான் என்று மண்டையை உடைத்து ஒரு சாவி டிராக் எழுதி, பாதி எடுத்தும் முடித்திருந்தோம். "ஆவிக்கு எதுக்கு சார் சாவி?" என்றார் லைட்மேன். யாரும் வாய் திறக்கவில்லை. எடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கால்ஷீட்டுக்கு அலைந்தோம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்: விடாது கருப்பு' டிவி தொடரைப் பாருங்கள். தப்பு செய்கிறவர்களைக் கருப்புசாமி குதிரையேறி வந்து தண்டிப்பதாக ஊர் நம்புகிறது. வெளியூரிலிருந்து வருகிற பெண் மனநலக் கோணத்தில் தேடுகிறாள். இரண்டு விளக்கமும் கூடவே ஓடுவதால், முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஏமாந்துபோன எரிச்சல் வருவதில்லை. உங்கள் கதையிலும் ஆவி வரப்போகிறதென்றால் முதல் வாரத்திலேயே அதற்கு ஒரு கதவைத் திறந்து வையுங்கள். சேனல் கேட்கும்போது திறந்துகொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

திங்கள் சென்டிமென்ட், செவ்வாய் கிரைம்

பங்கு போட்டால் கலவை ஆகாது. 'சுழல்' (2022) வெப் சீரிஸின் முதல் பாகத்தில் காணாமல் போவது தொழிற்சங்கத் தலைவரின் மகள், அவளைக் காதலித்தவன் விசாரிக்கும் இன்ஸ்பெக்டரின் மகன். விசாரணை ஓர் அடி நகர்ந்தாலே இரண்டு வீடும் ஆடுகிறது. அங்கே குடும்பக் காட்சி தனி, போலீஸ் காட்சி தனி என்று பிரிக்கவே முடியாது.

காமெடி டிராக்

சாவு வீட்டுக்கு அடுத்த காட்சியில் வேண்டாம்.

பின்னணி இசை

எழுத்தில் இல்லாத பயத்தை இசையமைப்பாளரிடம் கேட்காதீர்கள்.

பாம்பு

கிராபிக்ஸுக்கு எவ்வளவு தருவார்கள் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் கடைசி எபிசோட் வரை புதர் மட்டும் அசையும்.