ஹைட்ரோபோனிக்ஸில் வேரழுகலா? முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள்

மொட்டைமாடியில் குழாய் அமைத்து, மண்ணில்லாமல் சத்துக்கரைசல் ஓடும் தண்ணீரில் (இதுதான் ஹைட்ரோபோனிக்ஸ்) லெட்யூஸ் கீரை வளர்க்கிறீர்களா? நண்பகலில் செடி வாடி மாலையில் நிமிர்ந்தால், உடனே தண்ணீரைக் கூட்டாமல் ஒரு செடியைத் தூக்கி வேரைப் பாருங்கள். வேர் பழுப்பாகி, விரலால் உருவினால் மேல்தோல் கழன்று நடுநரம்பு மட்டும் நூலாக நின்றால், பெரும்பாலும் அது பித்தியம் (Pythium) என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிரின் வேலை. அதன் வித்துகள் நீந்தும். ஒரே தண்ணீர் சுற்றி வருவதால் ஒரு செடியில் வந்தது எல்லாவற்றுக்கும் பரவிவிடும். நோய்ச்செடியை அன்றே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் கரைசல் இருக்கும் தொட்டி. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். வேர் மூச்சுத் திணறும் அந்தச் சூட்டில்தான் பித்தியத்தின் சில இனங்கள் நன்றாகப் பெருகும். 18 முதல் 22 டிகிரி நல்லது. சித்திரை வெயிலில் அது நடக்காத காரியம். 25-ஐ ஒட்டி வைத்திருக்கப் பாருங்கள். தொட்டியை நிழலுக்கு மாற்றி, வெளிச்சம் புகாமல் மூடி, மீன்தொட்டிக்குப் போடும் காற்று பம்ப் ஒன்றை ஓடவிடுங்கள். அவசரத்துக்கு, உறையவைத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு மிதக்கவிடலாம்.

கிருமியைக் கொல்ல ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நல்ல நுண்ணுயிரும் சாகும். ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை விடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் போடுவது காசைக் கரைப்பதுதான். புறஊதா விளக்கு தன்னைக் கடந்துபோகும் தண்ணீரைத்தான் சுத்தம் செய்யும், வேருக்குள் புகுந்த நோயைத் தொடாது. கரைசலில் உள்ள இரும்புச் சத்தையும் அது சிதைக்கும். இளந்தளிர் மஞ்சளித்தால் இதையும் சந்தேகப்படுங்கள்.

அறுவடை முடிந்ததும் குழாயில் ஒட்டிய வேர்த்துணுக்குகளைத் தேய்த்தெடுத்து, பிளீச்சிங் கரைசல் ஓட்டி, நன்றாக அலசிவிட்டு அடுத்த நாற்றை வையுங்கள்.