குரங்கின் குணத்துக்கு மரபணுவைக் காரணம் சொல்லும் முன்

குரங்குகளின் சமூக நடத்தையில் மரபணுவுக்கு என்ன பங்கு என்று பார்க்க வரும் புதியவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுகிறார்கள். குரங்கை ஆள் மாற்றிக் குறிப்பது, நேரம் எழுத மறப்பது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

குடும்பச் சாயலைப் பார்த்ததும் "மரபணு" என்று எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ரீசஸ் குரங்குகளில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும், ஆண்கள் பருவம் வந்ததும் வேறு கூட்டம் தேடிப் போய்விடும். மகளின் அந்தஸ்து தாய்க்கு நேர் கீழே. புவேர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய காயோ சாண்டியாகோ தீவில், 1938-ல் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் விட்ட குரங்குகளின் வம்சத்தில், இதைத் தலைமுறை தலைமுறையாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மேல்மட்டக் குடும்பத்துக் குட்டி ஒன்று தீனிக்கு வரும். அதைவிடப் பல மடங்கு கனமான பெண் குரங்கு பல்லை இளித்துக்கொண்டு ஒதுங்கும். அது பயப்படுவது குட்டிக்கு இல்லை, பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு.

ஒரு மாணவர் தன் கட்டுரையைக் காட்டி, "அம்மாவும் அதட்டுது, மகளும் அதட்டுது, இதுக்கு மேல என்ன சார் வேணும்?" என்றார். அந்த மகளுக்குத் தங்கை உண்டா என்று கேட்டேன். உண்டு. இரண்டில் யார் மேலே? தங்கை. ரீசஸில் பெரும்பாலும் அப்படித்தான், சண்டை வந்தால் அம்மா சின்னவள் பக்கம் நிற்கும், அதனால் சின்னவள் அக்காவைத் தாண்டிவிடும். பிறந்த வரிசை பார்த்து வேலை செய்யும் மரபணு எது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

குட்டிகளைத் தாய் மாற்றி வளர்க்கவிட்டு, குரங்கு நடத்தை ஆய்வாளர் டாரியோ மேஸ்ட்ரிப்பியெரி 2005-ல் வெளியிட்ட ஆய்வையும் படியுங்கள். குட்டியைக் கொடுமைப்படுத்தும் தாயிடம் வளர்ந்த பெண்களில் ஏறக்குறைய பாதி, பின்னாளில் தன் குட்டியையும் அப்படியே நடத்தியது. பெற்றவள் கொடுமைக்காரியாக இருந்தும் நல்ல தாயிடம் வளர்ந்தவை அப்படி ஆகவில்லை.

அப்படியானால் மரபணுவை எங்கே தேடுவது? அப்பா வழியில். ரீசஸ் ஆண்கள் குட்டி வளர்ப்பில் பெரிதாகத் தலையிடுவதில்லை, ஒரே ஆணின் பிள்ளைகள் பல தாய்வழிக் குடும்பங்களில் சிதறிக் கிடக்கும். வேறு வேறு தாயிடம் வளர்ந்த அவை ஒன்றுபோல நடந்துகொண்டால்தான் உங்கள் வாதம் நிற்கும் (அவை பல நேரம் ஒரே வயதாகவும் இருக்கும், அதையும் கழித்துப் பாருங்கள்). இதற்கு டிஎன்ஏ வைத்துத் தகப்பன் யார் என்று தெரிய வேண்டும். அந்த மாணவரிடம் மாதக்கணக்கில் பேன் பார்த்த கணக்கு இருந்தது, தகப்பன் பெயர் ஒன்றுகூட இல்லை. டிஎன்ஏவுக்காகக் கீழே கிடந்த மலத்தையாவது எடுத்துவைத்திருக்கலாம்.

ஒரே மரபணுவைப் பிடித்துத் தொங்குவது

செரோட்டோனின் என்பது மூளையில் நரம்புகளுக்கிடையே சேதி கொண்டுபோகும் ரசாயனம். அதைத் திரும்ப உள்ளே இழுக்கும் கடத்திக்கான மரபணுவில் குட்டை வடிவம், நெட்டை வடிவம் என்று உண்டு. உடனே "குட்டை என்றால் முரடு" என்று எழுதிவிடுகிறார்கள். 2002-ல் வந்த ஆய்வில், தாயில்லாமல் சக குட்டிகளோடு வளர்ந்தவற்றில்தான் குட்டை வடிவம் இருந்தவற்றின் தண்டுவட நீரில் செரோட்டோனின் சிதைபொருள் குறைந்திருந்தது (இது குறைவதைத்தான் முரட்டுத்தனத்தோடு சேர்த்துப் பேசுவார்கள்). தாயிடம் வளர்ந்தவற்றில் அந்த வித்தியாசமே இல்லை. அப்புறம் காயோ சாண்டியாகோவின் 2013 ஆய்வு. நண்பனுக்கு நண்பன் என்று நீளும் தொடர்புகள் ஓரளவு மரபுவழி வருகின்றன என்று அது காட்டியது. ஆனால் இரண்டு செரோட்டோனின் மரபணுக்களோடு கண்ட தொடர்பு, பல சோதனைகளுக்கான திருத்தம் (நிறையச் சோதித்தால் தற்செயலாகவும் ஏதாவது தட்டுப்படும், அதற்கு ஈடுகட்டும் கணக்கு) போட்டதும் நிற்கவில்லை. அவர்களே கட்டுரையின் முகப்புச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார்கள், மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்த வரியை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

"மனிதனும் இப்படித்தான்" என்று கடைசிப் பத்தி எழுதுவது

வேண்டாம்.

அம்புக்குறியை ஒரு பக்கம் மட்டும் போடுவது

மரபணுவிலிருந்து நடத்தைக்கு மட்டும் அம்பு போட்டால் போதாது, எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. பெண் ரீசஸ்களைப் புதிய கூட்டங்களில் ஒவ்வொன்றாக விட்டு, யார் முதலில் வந்தது என்பதை வைத்தே அந்தஸ்தை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், 2016-ல் வெளிவந்தது. அந்தஸ்து மாறியதும் நோய் எதிர்ப்புச் செல்களில் மரபணுக்கள் வேலை செய்யும் அளவும் மாறியது. டிஎன்ஏ அதேதான். ஆகவே ரத்தம் எடுக்கும் நாளில் அந்தக் குரங்கு கூட்டத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதைக் குழாயில் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், போன வருடத்து அட்டவணையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.