வேலைக்குப் போகாத பிள்ளை வீட்டில் இருந்தால்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் செந்தூல் பகுதியில் என் அக்கா வீடு. காலை ஏழு மணிக்கு அக்கா வேலைக்குக் கிளம்பும்போது மேசையில் சோறு, சாம்பார், முட்டைப் பொரியல் எல்லாம் மூடி வைத்திருக்கும். பக்கத்தில் ஒரு சாசர், அதற்கு அடியில் பத்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டு. மகனுக்கு வயது 23. டிப்ளோமாவைப் பாதியில் விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. பதினொரு மணிக்கு எழுந்து சாப்பிடுவான், நோட்டை எடுத்துக்கொண்டு மாமாக் கடை என்கிற இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விடுவான். இரவு அத்தான் வந்ததும் அரைமணி நேரம் அர்ச்சனை. "உன் வயசுல நான்..." என்று ஆரம்பிப்பார். மறுநாள் காலை சாசருக்கு அடியில் இன்னொரு பத்து வெள்ளி.

அப்பாவின் வாய் ஒன்று சொல்கிறது, அம்மாவின் சாசர் வேறொன்று சொல்கிறது. பிள்ளை எதை நம்புவான்?

23 வயதில் வீட்டோடு இருப்பது நம் குடும்பங்களில் குற்றமே இல்லை. கல்யாணம் வரை, ஏன், அதற்குப் பிறகும்கூட அப்பா அம்மாவோடு இருப்பவர்கள் எத்தனையோ பேர். கோலாலம்பூர் வாடகையைப் பார்த்தால் அது புத்திசாலித்தனமும்தான். அதனால் கோபத்தில் ராத்திரி பத்து மணிக்குத் துணிப்பையைத் தூக்கி வெளியே போடாதீர்கள். இரண்டாம் நாள் அம்மாவே போய்க் கூட்டிக்கொண்டு வருவாள். அப்புறம் அந்த மிரட்டலுக்கு மதிப்பே இருக்காது.

சட்டப்படி பார்த்தால், மலேசியாவில் 18 வயதானவர் பெரியவர். விவாகரத்தான பெற்றோர் கட்டவேண்டிய பிள்ளை ஜீவனாம்சம்கூட, 1976-ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டப்படி, பொதுவாக 18 வயதோடு முடிந்துவிடும். மேற்படிப்போ தொழிற்பயிற்சியோ தொடர்ந்தால், அல்லது பிள்ளை மாற்றுத்திறனாளியாக இருந்தால்தான் நீளும். படிக்கிற பிள்ளைக்கு ஒரு கணக்கு, படிக்காமலும் வேலை செய்யாமலும் இருக்கிற பிள்ளைக்கு வேறு கணக்கு. நீதிமன்றத்துக்கு இருக்கிற இந்தத் தெளிவு நம் வீட்டில் இருப்பதில்லை. சாப்பாடும் படுக்க இடமும் கேள்வி இல்லாமல் கொடுக்கலாம். போன் பில், பெட்ரோல், சிகரெட் எல்லாம் அந்தக் கணக்கில் எப்படி வந்தது?

கையிருப்பைக் கரைப்பது பெரிய தவறு. 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்கு உட்பட்டவர்களின் இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியில் மூன்றாவதாக நெகிழ்வுக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. புதிதாகக் கட்டும் சந்தாவில் 10 விழுக்காடு அதில் விழும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நல்ல வசதிதான். ஆனால் மகனுக்குப் புது போன், மோட்டாருக்கு ரிப்பேர் என்று மாதாமாதம் அதைச் சுரண்டுகிற அப்பாக்களை நான் பார்க்கிறேன். 23 வயதுக்காரன் இழந்ததைச் சம்பாதிக்க இன்னும் 37 வருடம் இருக்கிறது. அப்பாவுக்கு 60 வயதில் வேலையே முடிந்துவிடும்.

அதைவிட மோசம், ஜாமீன் கையெழுத்து. "வண்டி இருந்தா வேலைக்குப் போவேன்" என்பான். கார் கடனுக்கு அப்பா கையெழுத்துப் போடுவார், தவணையும் அவரே கட்டுவார். சொந்த உபயோகத்துக்கு வாங்கும் வண்டிக்கடனில் லாபம் எதிர்பாராமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது உண்மைதான். அதற்காகக் கடன் ஒன்றும் காணாமல் போய்விடாது, வழக்குப் போட்டு வசூலிக்கலாம். வயதுக்கு வந்த பிள்ளை தானாக வாங்கிய கடன் அவன் கடன். நீங்கள் கையெழுத்துப் போட்ட நிமிடம் அது உங்கள் கடனும்கூட. ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரன்) கதவில் சிவப்புச் சாயம் ஊற்றினால் முதலில் போலீஸ் புகார் செய்யுங்கள். ரகசியமாகப் பணத்தைக் கட்டி முடித்தால் இரண்டாவது கடன் வரும்.

இன்னொரு தவறு நம் வறட்டு கௌரவம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. "அந்தக் காசுக்கா என் மகன் மூட்டை தூக்கணும்?" என்று கேட்டது பையன் இல்லை, எங்கள் அத்தான்! பையன் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தான். வேலைக்குப் போகாமல் இருக்க அவனுக்கு அப்பாவே காரணம் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

சும்மா இருக்கிறானே என்று ஏதோ ஒரு கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ப்பதும் இதே ரகம்தான். ஏர்கான், வெல்டிங், மோட்டார் ரிப்பேர் என்று எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழுக்கான பயிற்சிகள் நாடு முழுக்க இருக்கின்றன. வேலை தேட, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் இணையத்தளம் இருக்கிறது. வழி காட்டுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை அம்மா நிரப்பினால் வகுப்புக்கும் அம்மாதான் போக வேண்டியிருக்கும்.

கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான் என்பவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி: வரப்போகிற பெண் உங்கள் மகளாக இருந்தால் கொடுப்பீர்களா?

சோம்பலையும் நோயையும் குழப்பிக்கொள்வதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மாமாக் கடைக்கு உற்சாகமாகப் போகிறவன் வேறு. நண்பர்களையும் விட்டு, பிடித்த பந்து விளையாட்டையும் விட்டு, குளிக்காமல், தூங்காமல் அறைக்குள்ளேயே கிடப்பவன் வேறு. இரண்டாமவனைத் திட்டுவது புண்ணில் குத்துவது. செய்வினை என்று கோயில் கோயிலாக அலைவதற்கு முன்னால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள், மலேசியர்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. "சாகணும் போல இருக்கு" என்று ஒரு தடவை சொல்லியிருந்தாலும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

அக்கா வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். போன வருடக் கடைசியில் அக்காவும் அத்தானும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சாப்பாடு உண்டு, சாசர் கிடையாது. அவன் துணியை அவனே துவைக்க வேண்டும், பாத்திரம் அவன் வேலை. தங்கச்சி அந்த வீட்டில் பன்னிரண்டு வயதிலிருந்து செய்து வருவதுதான் இது, அதை யாரும் இதுவரை கவனிக்கவில்லை. முதல் மூன்று வாரம் வீட்டில் ஒரே சண்டை. மருமகன் எனக்கு போன் போட்டு, "மாமா, நீங்கதான் ஏத்தி விட்டீங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பிறகு பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஒரு பொரித்த கோழிக் கடையில் வாரம் நான்கு இரவு வேலைக்குச் சேர்ந்தான்.

முதல் சம்பளத்தில் நூறு வெள்ளியை அம்மாவிடம் நீட்டியிருக்கிறான். இங்கேதான் பலர் "நீயே வச்சுக்கடா" என்று சொல்லிக் கெடுப்பார்கள். அக்கா வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள், அதுவரை சரி. மறுநாள் காலை பெட்ரோலுக்கென்று அதையே திருப்பிக் கொடுத்துவிட்டாள். இந்த மாதம் அப்படிக் கொடுக்கவில்லை என்கிறாள். நானும் நம்பியதுபோல் தலையாட்டிவிட்டு வந்தேன்.