கடலோர வீட்டில் நிக்கல் பூச்சு: பித்தளைக் கொக்கியில் தொடங்குங்கள்

குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்று படும் வீடுகளில், நிக்கல் பூசிய இரும்புக் கீல் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விடும். பூச்சில் ஊசிமுனைத் துளை இருந்தால் போதும். உப்பு ஈரம் அதன் வழியே இறங்கி, நிக்கலை விட்டுவிட்டு அடியிலுள்ள இரும்பைத்தான் அரிக்கும். அதனால் முதலில் இரும்பைத் தொடாதீர்கள். பித்தளையில் நிக்கல் நன்றாகப் பிடிக்கும்; செந்துருவும் வராது. மின்சாரத்தால் நிக்கல் பூச இங்கே எடுத்துக்கொள்வது சுமார் 20 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பித்தளைச் சுவர்க் கொக்கி.

வாங்க வேண்டியவை: சுத்த நிக்கல் தகடு 2, நிறமில்லாத வெள்ளை வினிகர் (5 சதவீதம்) 500 மில்லி, உப்பு அரை டீஸ்பூன், 5 வோல்ட் டிசி அடாப்டர், 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் குறைக்கும் மின்தடை), 47 ஓம் 1 வாட் ரெசிஸ்டர், முதலைக் கிளிப், செம்புக் கம்பி, கண்ணாடிப் பாத்திரம், பேட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த நீர், பேட்டரி அமிலம் அல்ல), கையுறை, கண் பாதுகாப்புக் கண்ணாடி.

தகட்டுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியை ஒருபோதும் போடாதீர்கள். அதிலிருந்து நச்சுக் குரோமியம் கரைந்து வரும். பழைய நிக்கல் நாணயமும் கூடாது. நாணயத்தை அழிப்பது 2011 நாணயச் சட்டப்படி குற்றம்.

கரைசல்: வினிகரில் உப்பைக் கலக்குங்கள். உப்பு இல்லாவிட்டால் தகடு கரையாமல் மந்தமாகிவிடும். இரண்டு தகடுகளையும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டு, ஒன்று பிளஸ், மற்றது மைனஸ் என மாட்டி, 10 ஓம் ரெசிஸ்டர் வழியாக 4 முதல் 5 மணி நேரம் மின்சாரம் கொடுங்கள். கரைசல் வெளிர்பச்சையாகும். ஹைட்ரஜன் குமிழி வரும் என்பதால் திறந்த திண்ணையில் வையுங்கள். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. கிளிப் கரைசலில் முங்கினால் செம்பும் இரும்பும் கலந்து கரைசல் கெடும்.

சுத்தம்: பூச்சின் ஆயுள் முழுக்க இங்கேதான் இருக்கிறது. கடைக் கொக்கியில் பெரும்பாலும் லாக்கர் என்னும் வார்னிஷ் படலம் இருக்கும், தின்னரால் துடைத்தெடுங்கள். 600, பிறகு 1000 எண் உப்புத்தாளால் தேயுங்கள். நிக்கல் கீறலை மறைக்காது, பளபளப்பாக எடுத்துக்காட்டும். சலவைச் சோடா கலந்த வெந்நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். இப்போது தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: ஒரே படலமாகப் பரவி நின்றால் சரி; முத்து முத்தாகப் பிரிந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். அதன்பின் விரல் படக் கூடாது. புது வினிகரில் ஒரு நிமிடம் நனைத்து, பேட்டரித் தண்ணீரில் அலசுங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும். கடைசி அலசலுக்கு அது வேண்டாம்.

பூச்சு: நடுவில் செம்புக் கம்பியில் கொக்கி, மைனஸ். இரு பக்கமும் தகடுகள், இரண்டும் பிளஸ். ஒரே பக்கம் தகடு வைத்தால் மறுபக்கம் வெளிறிக் கிடக்கும். 47 ஓம் ரெசிஸ்டரை மாட்டினால் சுமார் 60 மில்லி ஆம்பியர் ஓடும். ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப்படி ஏறக்குறைய 3.7 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏறும்; ஹைட்ரஜனுக்குப் போவது போக அதைவிடக் குறையும். ஆகவே 2 மணி நேரம் விடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெல்ல ஆட்டினால் ஒட்டிய குமிழிகள் விலகும். இல்லாவிட்டால் குழி விழும்.

ஓரங்களில் கறுப்புத் தூள் படிந்தால் மின்சாரம் அதிகம். 100 ஓம் ரெசிஸ்டர் மாற்றுங்கள். தோலாக உரிந்தால் சுத்தம் போதவில்லை. மேலே பூசிப் பயனில்லை, தேய்த்தெடுத்து முதலிலிருந்து செய்ய வேண்டும்.

முடிந்ததும் அலசி, உடனே துணியால் ஒற்றி உலர்த்துங்கள்.

சமையல் பாத்திரம், கம்மல், மூக்குத்தி எதற்கும் இந்தப் பூச்சு கூடாது. நிக்கல் ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுக்கத் தொடரும். பச்சைக் கரைசலைத் தென்னை மூட்டிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். பெயர் எழுதிய புட்டியில் மூடி, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அடுத்த கொக்கிக்கும் அதுவே உதவும். இனி வேண்டாம் என்றால், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு உள்ள பிளேட்டிங் (உலோகப் பூச்சு) பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.