கிரெடிட் கார்டு பில்லில் புரியாத தொகை வந்தால் என்ன செய்வது?

போன வருடம் வீடு மாறியபோது பழைய வீட்டு பிராட்பேண்ட் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி, மோடத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து கார்டு ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரி: 1,178.82 ரூபாய். பக்கத்தில் நான் கேள்விப்படாத ஏதோ ஒரு பெயர். அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிய வழியை, முதல்முறை இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, எடுத்தது யார் என்று கண்டுபிடிப்பது. ஸ்டேட்மென்ட்டில் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாகப் பணம் வசூலித்துக் கொடுக்கும் பேமென்ட் கேட்வேயின் பெயர் இருக்கலாம். ஆனால் தொகையே துப்புக் கொடுக்கும். 1,178.82-ஐ 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள், 999 வரும். அதாவது 999 ரூபாய் பிளான், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. என் பழைய பிளான் அதேதான்! அப்புறம் எஸ்எம்எஸ்களைத் தேடுங்கள். மாதாமாதம் தானாகப் பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எனக்கும் வந்திருந்தது, விளம்பர மெசேஜ்களுக்கு நடுவே கிடந்தது. வீட்டில் ஆட்-ஆன் கார்டு (உங்கள் கணக்கிலேயே குடும்பத்தாருக்குத் தரும் கூடுதல் கார்டு) வைத்திருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

யாருக்கும் தெரியாத செலவு என்றால் உடனே ஆப்பில் கார்டை பிளாக் செய்து, வங்கிக்குச் சொல்லி, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கும் அழையுங்கள். தவறு உங்கள் மீதும் இல்லை, வங்கி மீதும் இல்லை என்றால், தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு இழப்பே கிடையாது என்பது 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. தள்ளிப்போடப் போட அந்தப் பாதுகாப்பு குறையும்.

தெரிந்த நிறுவனம்தானா? அப்படியானால் மோசடி என்று புகார் எழுதாதீர்கள். அவர்கள் உங்கள் பழைய பில்களைக் காட்டினால் அந்தப் புகார் நிற்காது. இது ரத்து செய்த சேவைக்குப் பணம் எடுத்த விவகாரம். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை, அதனால் மின்னஞ்சலில் எழுதுங்கள். நான் எழுதியது இவ்வளவுதான்:

"மார்ச் 4 அன்று இணைப்பைத் துண்டிக்கக் கேட்டேன். மோடம் ஒப்படைத்த ரசீதை இத்துடன் வைத்திருக்கிறேன். மே 9 அன்று என் கார்டில் 1,178.82 ரூபாய் எடுத்திருக்கிறீர்கள். எந்த மாதத்துக்கு, எந்தப் பில்லுக்கு என்று சொல்லுங்கள். இல்லையென்றால் 7 நாளில் திருப்பி அனுப்புங்கள்."

கார்டு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் போதும். அன்றே வங்கி ஆப்பில் அந்த நிறுவனத்துக்கான ஆட்டோ டெபிட் அனுமதியையும் ரத்து செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் எடுப்பார்கள்.

பதில் வரவில்லையா, மழுப்பலாக வந்ததா, நேரே வங்கியில் டிஸ்பியூட், அதாவது இந்தத் தொகையை ஏற்கவில்லை என்ற புகார், பதிவு செய்யுங்கள். அதே மின்னஞ்சலையும் ரசீதையும் இணைத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். புகார் செய்த 30 நாளுக்குள் வங்கி ஆதாரத்தோடு விளக்கம் தர வேண்டும் என்று 2022-இல் வந்த கார்டு விதிகள் சொல்கின்றன. இதற்கிடையில் பில் கட்டும் தேதி வந்துவிடும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கோபத்தில் முழு பில்லையும் கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம், வட்டி, சிபில் ஸ்கோர் என்று அடி மேல் அடி. சர்ச்சையில் உள்ள தொகையை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று வங்கி எழுத்தில் சொன்னால் அதைக் கழித்துவிட்டு மீதியைக் கட்டுங்கள். சொல்லவில்லையென்றால் முழுதாகக் கட்டிவிட்டே சண்டை போடுங்கள். ஜெயித்தால் அந்தப் பணம் கார்டில் வரவாகிவிடும்.

30 நாள் ஆகியும் வங்கி பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆன்லைனிலேயே பதியலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வாரம் தற்காலிக வரவு என்று பணம் வந்தது. நிறுவனம் மறுத்து ஆவணம் கொடுத்தால் அதை வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதனால் டிஸ்பியூட் முடிந்தது என்று வங்கியிடமிருந்து கடிதம் வரும்வரை மோடம் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.