ஓயாத மனத்துக்கு ஒரு குறிப்பேடு

அடுப்பில் பாலை வைத்துவிட்டு டம்ளர் எடுக்கப் போன இடத்தில் மின்கட்டண அட்டை கண்ணில் படுகிறது. கட்டணம் செலுத்தக் கைப்பேசியைத் திறந்து, வந்திருந்த செய்திக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கையில் பால் கருகும் வாசனை வருகிறது. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பழகிய காட்சி. வீட்டார் இதை அலட்சியம் என்பார்கள். உண்மையில், கையிலுள்ள வேலையை மனத்தில் ஏந்திவைக்கும் செயல் நினைவு இவர்களில் பலருக்கு எளிதில் நழுவிவிடுகிறது. ஆகவே எண்ணங்களோடு மல்லுக்கட்டாமல், அவற்றைத் தாளில் இறக்கிவைக்கப் பழகுங்கள்.

சட்டைப்பையில் அடங்கும் குறிப்பேடு ஒன்று போதும். கைப்பேசிச் செயலியை நான் பரிந்துரைப்பதில்லை; காரணம் அந்தப் பால் பாத்திரத்தின் அடியிலேயே ஒட்டியிருக்கிறது. வேலையின் நடுவே வேறோர் எண்ணம் குறுக்கிட்டால், ‘கேஸ் புக்கிங்’, ‘மாமாவுக்குப் போன்’ என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். விளக்கி எழுதத் தொடங்கினால் அதுவே அடுத்த வேலையாகிவிடும். இடையில் எழுந்து செல்ல நேர்ந்தால், திரும்பி வந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியத்தை ஒரு வரியில் குறித்துவிட்டு எழுந்திருங்கள். நாள்தோறும் மாலையில் ஒரே நேரத்தில் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் எழுதியதை யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டால் மனம் அதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டிக்கொண்டே இருக்கும். காலையில் தலைபோகிற அவசரமாகத் தோன்றியவற்றில் பாதியை அப்போது அடித்துவிடலாம்.

இரவில் எண்ணங்களின் ஓட்டம் கூடுகிறவர்கள், படுக்குமுன் 5 நிமிடம் மறுநாள் வேலைகளை எழுதிப் பார்க்கலாம். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 57 இளைஞர்களுள் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட விரைவாக உறங்கினார்கள். அது ஏ.டி.எச்.டி. உள்ளவர்களை வைத்துச் செய்யப்பட்டதன்று. எனினும் முயன்று பார்ப்பதில் இழப்பில்லை.

பதற்றநோய், தைராய்டு மிகைச் சுரப்பு, மிகையான எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனையக் கோளாறு ஆகியவற்றிலும் எண்ணங்கள் பறக்கும் என்பதால், காரணத்தை நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள். குறிப்பாக, சில நாட்களாகவே மிகக் குறைவாகத் தூங்கியும் களைப்பின்றி, நிறுத்தாமல் பேசி, கணக்கின்றிச் செலவிடும் நிலை இருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் போன்ற மருந்துகள் பலருக்கு உதவுகின்றன என்றாலும், பிறருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்குவது ஆபத்தானது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். ஏ.டி.எச்.டி. என உறுதிசெய்ய, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று மருத்துவர் கேட்பார். ‘கவனம் போதாது’ என்று ஆசிரியர் எழுதிய பழைய மதிப்பெண் அட்டை பரணில் கிடந்தால், தூசு தட்டி எடுத்துச் செல்லுங்கள்.