பள்ளிக்குள் வேலை பழக்கும் செயல்திட்டம்: நடத்துவது எப்படி?

பள்ளியிலேயே உண்மையான சிக்கல் ஒன்றைத் தேடுங்கள்: ஒழுகும் குழாய், கலைந்து கிடக்கும் நூலகம். கற்பனைச் சிக்கல் என்றால் மாணவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

குழுவுக்கு 4 பேர், 6 வாரம், வாரம் 2 பாடவேளை. ஆள் கூடினால் யாரோ ஒருவர் வேடிக்கைதான் பார்ப்பார்.

முதல் வாரம் அளவெடுப்பு மட்டும். குழாயடியில் 1 லிட்டர் குவளையை வைத்து, நிரம்பும் நேரத்தைக் குறிக்கட்டும். 10 நிமிடம் என்றால் நாளுக்கு 144 லிட்டர் வீண். இந்தக் கணக்கைப் போட்டபின் தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் தானாகவே வலு வந்துவிடும்.

கணக்கு, பதிவு, பேச்சு, பொருள் ஆகிய பொறுப்புகளை வாரந்தோறும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் வாய் உள்ளவரே கடைசிவரை பேசுவார்.

பெரும்பாலும் கெடுவது மதிப்பீட்டில்தான். சுவரொட்டியின் அழகுக்கு மதிப்பெண் போட்டால் அடுத்த முறை அழகு மட்டுமே வரும். முயற்சி தவறியபின் எதை மாற்றினார்கள் என்று குறிப்பேட்டில் பாருங்கள்.